கேள்வி - பதில்: ராப் மேடையில் ஒரு பியானோ

கேள்வி: பிரிட்டன் ராப் பாடகர் டேவ் சமூக அக்கறையோடு எழுதுபவர் என்கிறார்கள். அவருடைய மேடைக் காணொளிகளிலோ கூட்டம் குதிப்பதைத்தான் காண்கிறேன். அந்த ஆரவாரத்தில் சொல் யார் காதில் விழும்?
- ஒரு வாசகர், திருச்சி

பதில்: நியாயமான ஐயம்தான். 2019 ஜூனில் கிளாஸ்டன்பரி இசை விழாவில், தியாகோ சில்வாவின் பெயர் பொறித்த கால்பந்துச் சட்டையோடு கூட்டத்தில் நின்றிருந்த பதினைந்து வயதுச் சிறுவனை டேவ் மேடைக்கு அழைத்து, அந்த ஆட்டக்காரரின் பெயரையே தலைப்பாகக் கொண்ட பாட்டைத் தம்மோடு பாடவைத்தார். மூச்சுவிட இடமில்லாத அந்த வரிகளைப் பையன் பிசகாமல் ஒப்பித்தான். (பாட்டென்னவோ வெறும் வீறாப்புதான், அதில் சமூக அக்கறையைத் தேட வேண்டாம்.) குதிக்கிறவர்களில் பலர் சொல்லை முன்பே மனப்பாடம் செய்துகொண்டுதான் வருகிறார்கள்.

எட்டு மாதம் கழித்து, 2020 பிப்ரவரியில், பிரிட்டனின் பிரிட் இசை விருது மேடையில் அதே டேவ் பியானோ முன் அமர்ந்து, கறுப்பராக இருப்பது பற்றிய தம் பாட்டைப் பாடினார். அதன் முடிவில் புதிதாகச் சேர்த்த வரிகளில் அப்போதைய பிரதமர் போரிஸ் ஜான்சனை இனவெறியர் என்றார். 72 பேரைப் பலிகொண்ட கிரென்ஃபெல் அடுக்குமாடித் தீவிபத்தில் தப்பியவர்களுக்கு இன்னும் வீடு வேண்டும் என்றார். இரண்டாம் உலகப்போருக்குப் பின் கரீபியத் தீவுகளிலிருந்து பிரிட்டனுக்குக் குடியேறிய விண்ட்ரஷ் தலைமுறைக்கு ஆதரவு கேட்டார். உள்துறை அமைச்சர் பிரீத்தி பட்டேல் மறுப்புச் சொல்லும் அளவுக்கு அது நாட்டையே எட்டியது. அந்த இரவில் ஆண்டின் சிறந்த ஆல்பத்துக்கான விருதும் அவருக்கே கிடைத்தது.

1998இல் பிறந்து தெற்கு லண்டனின் ஸ்ட்ரெத்தமில் வளர்ந்த டேவின் பெற்றோர் நைஜீரியர்கள், தாய் செவிலியர். 2017இல் பிரதமர் தெரசா மேயை நோக்கிக் கேள்விமேல் கேள்வியாக அவர் எழுதிய பாட்டில், பிறரைப் பராமரிக்கும் ஒருவரைப் பராமரிக்க அரசு திணறுவானேன் என்று அந்தத் தாயை முன்வைத்தே கேட்கிறார். பொதுக் கோபத்தை வீட்டுக் கணக்காக மாற்றும் இந்த வழிதான் அவருடைய பலம் என்பேன். அடுத்த ஆண்டு அப்பாட்டு பாட்டெழுதுவோருக்கான ஐவர் நோவெல்லோ விருது பெற்றது.

ஆண்டின் சிறந்த ஆல்பத்துக்கான மெர்க்குரி பரிசு வென்ற அவருடைய முதல் ஆல்பத்தில், கொடுமைக்கார உறவில் சிக்கிய ஒரு பெண்ணைப் பற்றிய ‘லெஸ்லி’ என்ற பதினோரு நிமிடப் பாட்டு இருக்கிறது. உங்கள் ஐயம் இன்னும் தீரவில்லையானால், காணொளிகளை ஒதுக்கிவிட்டு, அதை ஓர் இரவு தனியாக உட்கார்ந்து கேளுங்கள்.