வாசகர் கேள்வி – பதில்: உடைக்கப்பட்ட வெண்கலச் சர்ப்பம்

கேள்வி: கடவுளின் கட்டளைப்படியே மோசே வெண்கலச் சர்ப்பத்தைச் செய்தார் என்கிறது எண்ணாகமம் 21ஆம் அதிகாரம். அதைப் பிற்காலத்தில் யூதாவை ஆண்ட எசேக்கியா மன்னர் உடைத்துப்போட்டது எப்படிச் சரியாகும்?

பதில்: உடைத்ததற்கான காரணம் 2 இராஜாக்கள் 18:4இல், அதே வசனத்திலேயே இருக்கிறது. அந்நாள்வரை இஸ்ரவேலர் அதற்குத் தூபம் காட்டி வந்தார்கள். வனாந்தரத்தில் பாம்பு கடித்தவர்கள் நோக்கிப் பார்ப்பதற்காகக் கம்பத்தில் உயர்த்தப்பட்ட ஒரு பொருள், கி.மு. 8ஆம் நூற்றாண்டின் இறுதிக்குள் தானே வழிபடப்படும் பொருளாகிவிட்டது. அது செய்யப்பட்டது தவறு என்று அந்த வசனம் சொல்லவில்லை. அதன் முன் எழுந்த புகைதான் தவறு என்கிறது. அதற்கு வழங்கிய 'நிகுஸ்தான்' என்ற பெயரிலும் ஒரு சிலேடை உண்டு: எபிரேயத்தில் பாம்பு 'நாகாஷ்', வெண்கலம் 'நெகோஷெத்'. 'வெறும் வெண்கலத்துண்டு' என்ற ஏளனம் அதில் ஒலிப்பதாகவே எனக்குப் படுகிறது.

பாம்பை உடைத்தது எசேக்கியா செய்த வழிபாட்டுச் சீர்திருத்தத்தின் ஒரு பகுதி. அந்தச் சீர்திருத்தம் அந்நியத் தெய்வங்களை மட்டும் குறிவைத்தது என்று பலர் எண்ணுகிறார்கள். உண்மையில், இஸ்ரவேலின் கடவுளான யெகோவாவையே மக்கள் வணங்கி வந்த ஊர்ப்புற வழிபாட்டு மேடைகளும் அகற்றப்பட்டன. மக்களுக்கு வலித்ததும் அதுவாகத்தான் இருக்கும். கி.மு. 701இல் எருசலேமின் மதிலருகே வந்து நின்ற அசீரியத் தூதன் ரப்சாக்கே, 'நீங்கள் நம்பும் கடவுளின் மேடைகளைத்தானே எசேக்கியா அகற்றினான்?' என்ற பொருளில், யூதரின் மொழியிலேயே எல்லாருக்கும் கேட்கும்படி பேசினான். ஊருக்குள் முணுமுணுப்பு இல்லாமலா எதிரி அந்த இடத்தில் கைவைத்திருப்பான்?

அகழாய்விலும் இந்தச் சீர்திருத்தத்துக்குச் சில தடயங்கள் உண்டு. யூதாவின் தென்பகுதி ஊரான பெயெர்செபாவில், ஒரு சேமிப்புக் கிடங்கின் சுவரைப் பிரித்தபோது, நான்கு மூலைகளிலும் கொம்புகள் கொண்டிருந்த ஒரு பலிபீடத்தின் கற்கள் சாதாரணக் கட்டுமானக் கற்களாக அடுக்கப்பட்டிருந்தது தெரியவந்தது. அவற்றுள் ஒன்றில் பாம்பு உருவம் செதுக்கப்பட்டிருக்கிறது. ஆராத் கோட்டைக் கோயிலிலோ காட்சி வேறு. அங்கே இரண்டு சிறிய தூபபீடங்களை உடைக்காமல், பக்கவாட்டில் சாய்த்துக் கிடத்தி, மேலே மண் மூடியிருந்தார்கள். ஆணைக்குக் கீழ்ப்படிந்தாலும் சுத்தியலை ஓங்க மனம் வராத ஒருவரின் வேலை அது என்று எனக்குத் தோன்றும். எதிரியிடமிருந்து காக்கவே புதைத்தார்கள் என்று கருதும் அறிஞர்களும் உண்டு, காலக்கணிப்பிலும் அவர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை.

கேள்வி: அப்படியானால் யோசியா மன்னர் அதே வேலையை மீண்டும் செய்ய நேர்ந்தது ஏன்?

பதில்: இடையில் எசேக்கியாவின் மகன் மனாசே மேடைகளைத் திரும்பக் கட்டினார், ஐம்பத்தைந்து ஆண்டுகள் ஆண்டவர் அவர், ஒரு தலைமுறைக்குப் பழைய வழக்கம் வேரூன்ற அது போதும். ஏறத்தாழ கி.மு. 622இல் ஆலயத்தைப் பழுதுபார்க்கையில் கிடைத்த நியாயப்பிரமாண நூலை வாசிக்கக் கேட்டு யோசியா தம் ஆடையைக் கிழித்துக்கொண்டார். அதன்பின் ஆலயத்திலிருந்த அசேரா என்ற பெண்தெய்வத்தின் உருவை வெளியே கொண்டுவந்து, கீதரோன் பள்ளத்தாக்கில் சுட்டெரித்துத் தூளாக்கி, அத்தூளைப் பிரேதக்குழிகள்மேல் தூவச் செய்தார். சாவுத்தீட்டு பட்ட பொருளை மறுபடி எடுத்து நிறுத்த முடியாது என்பதே அதன் கணக்கு. பாம்பை உடைத்ததோடு நின்ற எசேக்கியாவைவிட இவர் ஒரு படி கூடுதலாக யோசித்திருக்கிறார். ஆயினும் கி.மு. 609இல் மெகிதோவில் எகிப்திய மன்னன் நேகோவின் கையில் அவர் மாண்டபின், அரியணை ஏறிய அவருடைய பிள்ளைகள் அவர் வழியில் நடக்கவில்லை.