மகள் மைக்ரோபயாலஜி சேரலாமா?

கொளத்தூரிலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார்: ‘மகள் பிளஸ் டூ உயிரியல் பிரிவு. நீட்டில் மதிப்பெண் போதவில்லை. பி.எஸ்சி. மைக்ரோபயாலஜி படிக்கிறேன் என்கிறாள். கடைசியில் லேபில் ரத்தம் எடுக்கும் வேலைதான் கிடைக்கும் என்கிறார் என் அண்ணன். சேர்க்கலாமா?’

உங்கள் அண்ணன் இரண்டு படிப்புகளைப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை, சேர வரும் பிள்ளைகள் பலருக்கே இந்தக் குழப்பம் உண்டு. ரத்தம் எடுப்பது, சர்க்கரை, கொழுப்பு பார்ப்பதெல்லாம் மெடிக்கல் லேப் டெக்னாலஜி. அது கிண்டி எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கீழ் வரும் துணை மருத்துவப் படிப்பு. விண்ணப்பமே தனி. அரசு மருத்துவமனைகளில் லேப் டெக்னீஷியன் எடுக்கும்போது அந்தச் சான்றிதழைத்தான் கேட்பார்கள். மைக்ரோபயாலஜி பட்டத்தைக் கொண்டுபோய் நீட்டினால் எடுபடாது. மகளுக்கு ஆசை ஆஸ்பத்திரி லேப்தான் என்றால் இப்போதே அந்தப் பக்கம் திரும்பிவிடுங்கள். பட்டம் முடித்த பிறகு போய் டி.எம்.எல்.டி. என்ற லேப் டெக்னாலஜி டிப்ளமோ சேர்ந்தவர்கள் எனக்குத் தெரிந்தே சிலர் இருக்கிறார்கள்.

மைக்ரோபயாலஜி வேறு கைவேலை. கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்களை வளர்த்து, பிரித்து, எண்ணி, இன்னதென்று அடையாளம் சொல்ல வேண்டும். கைவேலை என்று தெரிந்தேதான் சொல்கிறேன். பாக்டீரியாக்களுக்குச் சாயமேற்றி இன வகை பிரிக்கும் கிராம் ஸ்டெயினிங்கை எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்லைடில் மெல்லப் பூசி, காயவிட்டு, சுடரில் காட்டி ஒட்டவைத்து, கிரிஸ்டல் வயலெட் என்ற ஊதாச் சாயம், அயோடின், ஆல்கஹால், கடைசியில் சாஃப்ரானின் என்ற சிவப்புச் சாயம். ஆல்கஹால் ஊற்றும் அந்தச் சில நொடிகளில்தான் சூட்சுமம். கொஞ்சம் கூடிப்போனால், ஊதாவாக நிற்க வேண்டிய ஸ்டஃபைலோகாக்கஸ் பாக்டீரியா சாயம் போய் ரோஸாகத் தெரியும், அறிக்கை தலைகீழாகிவிடும். நோட்ஸை மனப்பாடம் செய்து இது வராது. நூறு ஸ்லைடு போட்டால் வரும்.

அதனால்தான் கல்லூரி பார்க்கப் போகும்போது கட்டடத்தையும் கேன்டீனையும் விட்டுவிட்டு லேபைக் காட்டச் சொல்லுங்கள் என்கிறேன். ஆட்டோகிளேவ் ஓடுகிறதா? 121 டிகிரியில், 15 பவுண்டு அழுத்தத்தில், கிருமி வளர்க்கும் ஊட்டக் கலவையான மீடியாவைச் சுத்திகரிக்கும் பாத்திரம் அது. அது தூசி படிந்து கிடந்தால் அங்கே எதுவும் வளரவில்லை என்று பொருள். கிருமிகளை இதமான சூட்டில் வைத்து வளர்க்கும் இன்குபேட்டரைத் திறந்தால் இந்த வாரத் தேதி எழுதிய வளர்ப்புத் தட்டுகள், அதாவது பிளேட்டுகள், இருக்கின்றனவா? ஒரு மைக்ரோஸ்கோப்பை எத்தனை பேர் பகிர்கிறார்கள்? செய்முறைத் தேர்வுக்குப் போன ஓரிடத்தில், வடிகட்டிய காற்றில் கிருமி கலக்காமல் வேலை செய்ய வைத்திருக்கும் லேமினார் ஃப்ளோ பெட்டிக்குள் ரெக்கார்டு நோட்டுகளை அடுக்கி வைத்திருந்தார்கள். அந்தப் பிள்ளைகள் மூன்று வருடமாக என்ன செய்தார்களோ!

இன்னும் இரண்டைக் கவனியுங்கள். எய்டட் கல்லூரி, கட்டணம் குறைவு என்று நம்பிப் போவீர்கள். ஆனால் சென்னையில் பல எய்டட் கல்லூரிகளில் இந்தப் படிப்பு சுயநிதிப் பிரிவில்தான் இருக்கிறது, கட்டணத்தை முதலிலேயே கேட்டுவிடுங்கள். மகள் ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவள் என்றால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும். அடுத்தது பட்டத்தின் பெயர். வெறும் ‘மைக்ரோபயாலஜி’யா, முன்னால் ‘அப்ளைடு’, ‘இண்டஸ்ட்ரியல்’ என்று ஒட்டு இருக்கிறதா? ஒட்டு இருந்தால் பின்னாளில் அரசு வேலைக்கு, இதுவும் மைக்ரோபயாலஜிக்குச் சமம் என்று சொல்லும் இணைத்தன்மை அரசாணையைத் தேடி அலைய நேரும். பி.எட். யோசனை இருந்தால் இதை இன்னும் கறாராக விசாரியுங்கள்.

இனி வேலை. எல்லாரும் மருந்து கம்பெனி என்பார்கள். ஆலத்தூர் பக்கம் மருந்து ஆலைகள் இருக்கின்றன, தர சோதனைப் பிரிவில் இந்தப் பட்டதாரிகளை எடுக்கிறார்கள். ஊசி மருந்தில் கிருமி இல்லையா என்று பார்க்கும் ஸ்டெரிலிட்டி டெஸ்ட் போட்டால் 14 நாள் காத்திருந்து, எதுவும் முளைக்கவில்லை என்று கையெழுத்திட வேண்டும். பொறுமைசாலிக்கு ஏற்ற வேலை.

நம் வீட்டு வாசலில் இறங்கும் 20 லிட்டர் தண்ணீர் கேனை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. புறநகரெங்கும் கேன் நிரப்பும் ஆலைகள். இந்தியத் தர நிர்ணயப்படி அந்த நீரில் 250 மில்லிலிட்டருக்கு கழிவு கலந்ததைக் காட்டிக்கொடுக்கும் ஈகோலை பாக்டீரியா ஒன்றுகூட இருக்கக் கூடாது. அதைச் சோதிக்க ஆள் வேண்டும். பால் பண்ணை, ஐஸ்கிரீம், மசாலா, இறால் ஏற்றுமதி எல்லாவற்றிலும் இதே தேவை. ஆனால் தொடக்கச் சம்பளம் சொற்பம், ஷிஃப்டும் உண்டு. இதை மறைத்து உங்களுக்கு நம்பிக்கை ஊட்ட எனக்கு விருப்பமில்லை.

அரசு வேலையில் உணவுப் பாதுகாப்பு அலுவலர் பதவிக்கான கல்வித் தகுதிகளில் மைக்ரோபயாலஜி பட்டமும் ஒன்று. தமிழ்நாட்டில் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் ஆள் எடுக்கிறது. அறிவிப்பு எப்போதாவதுதான் வரும், அதையே நம்பி உட்கார முடியாது.

சம்பளம் குறைவு என்று இந்தப் பிள்ளைகளில் பலர், நோயாளியின் சிகிச்சைக் குறிப்புகளைக் குறியீடுகளாக மாற்றும் மெடிக்கல் கோடிங் பக்கம் போய்விடுகிறார்கள். சென்னையில் அதற்குக் கம்பெனிகள் ஏராளம், ஏசி அறை, உயிரியல் தெரிந்தவர்களுக்கு முன்னுரிமை. தப்பே இல்லை. ஆனால் இரண்டு வருடம் அங்கே இருந்துவிட்டு லேபுக்குத் திரும்பிய ஒருவரையும் நான் பார்த்ததில்லை.

லேப்தான் வேண்டும் என்றால் எம்.எஸ்சி. வரை மனதைத் தயார்செய்துகொள்ளுங்கள். தரமணியில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஏ.எல்.எம். முதுநிலை அடிப்படை மருத்துவ அறிவியல் நிறுவனம் இருக்கிறது. கிண்டியில் 1899 முதல் இயங்கும் கிங் இன்ஸ்டிட்யூட். சேத்துப்பட்டில் 1956இல் தொடங்கிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம். காசநோயாளியை சானட்டோரியத்தில் அடைக்க வேண்டாம், வீட்டிலிருந்தே குணமாக்கலாம் என்று உலகுக்கு நிரூபித்தவர்கள் அவர்கள். இத்தகைய இடங்களில் திட்டப் பணிகளுக்கு நேர்காணல் வைப்பார்கள். ஒப்பந்த வேலைதான், ஆனால் கை தேறும். கேட் (GATE), நெட் (NET) தகுதித் தேர்வுகள் எழுதுவோருக்கு அந்த அனுபவம் பலம்.

நீட்டை இன்னொரு முறை எழுதும் எண்ணம் மகளுக்கு இருந்தால் அதை இப்போதே பேசி முடியுங்கள். ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்று முதலாண்டைக் கழித்துவிட்டு அரியரோடு நிற்பவர்களை வருடா வருடம் பார்க்கிறேன்.

கல்லூரிக்குப் போகும்போது அவளையும் கூட்டிப்போங்கள். பழைய பிளேட்டுகளை ஆட்டோகிளேவில் போட்டு எடுக்கும் நேரத்தில் அந்த அறையில் ஒரு வாடை அடிக்கும், பாருங்கள், வேகவைத்த எலும்பும் ஊசிப்போன மாவும் கலந்தாற்போல. சிலருக்கு அது கடைசிவரை ஒத்துக்கொள்வதில்லை. பணம் கட்டும் முன் தெரிந்துகொள்வது நல்லது.