தனி ஷெட் வைத்திருக்கும் கார் மெக்கானிக் டூல்ஸ் வைக்க எதை வாங்கலாம்: விரியும் பெட்டியா, டிராயர் ட்ராலியா?

கேள்வி கேட்ட தம்பி இரண்டு கார் நிற்கும் அளவுக்குச் சொந்தமாக ஷெட் போட்டிருக்கிறார். உதவிக்கு ஒரு பையன். டூல்ஸ் எல்லாம் தட்டு தட்டாக விரியும் இரும்புப் பெட்டிகளில் அடைந்து கிடக்கின்றன. ஏழு டிராயர் ட்ராலி வாங்கினால் வீண் செலவாகுமா என்று கேட்கிறார்.

வீண் செலவு இல்லை தம்பி, வாங்குங்கள். ஆனால் இடம் போதவில்லை என்பதற்காக மட்டும் வாங்காதீர்கள். எவ்வளவு பெரிதாக வாங்கினாலும் கொஞ்ச நாளில் நிரப்பிவிடுவோம், அது மெக்கானிக் ஜாதகம். ஒரு வண்டி வேலை முடிந்து பானட்டை மூடும் முன்பு, எந்த ஸ்பேனர் இன்னும் திரும்பவில்லை என்று ஒரே பார்வையில் தெரிய வேண்டும். அதற்காக வாங்குங்கள். ஒரு 14 மி.மீ. ரிங் ஸ்பேனர் தொலைந்தால் வேறு வாங்கிக்கொள்ளலாம். அதே ஸ்பேனர் பேட்டரி பக்கத்தில் படுத்தபடியே கஸ்டமரோடு பைபாஸ் ரோட்டுக்குப் போனால்தான் வம்பு. பெல்ட்டில் விழுந்தால் பெல்ட் போச்சு. பேட்டரி பாசிட்டிவ் முனையையும் பாடியையும் சேர்த்துத் தொட்டால் தீப்பிடிக்கவும் வாய்ப்பு உண்டு.

விரியும் பெட்டியில் இந்தக் கணக்கு வராது. ஒன்றின் மேல் ஒன்று குவிந்து கிடக்கும். இருபது இருக்கிறதா பத்தொன்பது இருக்கிறதா என்று யார் கிளறிப் பார்ப்பது? அதனால் ட்ராலி பார்க்கும்போது டிராயர் எத்தனை என்பதைவிட ஒவ்வொன்றும் எவ்வளவு ஆழம் என்று பாருங்கள். ஏழில் குறைந்தது ஐந்து டிராயராவது இரண்டு, மூன்று இன்ச் ஆழத்துக்குள் இருக்க வேண்டும். ஸ்பேனரும் சாக்கெட்டும் ஒரே அடுக்காகப் படுத்தால் போதும். ஆழமான டிராயர் என்றால் அது சக்கரம் மாட்டிய பழைய பெட்டிதான். கீழே ஒன்றிரண்டு ஆழமானவை புல்லர் (பேரிங் போன்றவற்றை இழுத்துக் கழற்றுவது), சுத்தியல், கிரீஸ் கன் வைக்க வேண்டும்தான், அதற்கு மேல் தேவையில்லை.

உள்ளே விரிக்க ஈவிஏ எனும் ரப்பர் மாதிரியான ஃபோம் ஷீட் வாங்குங்கள். செருப்பு அடிப்பாகம் செய்ய மெட்டீரியல் விற்கும் கடைகளில் கிடைக்கும். மஞ்சள் ஷீட் அடியில், கறுப்பு மேலே. ஸ்பேனரை வைத்துக் கோடு இழுத்துக் கறுப்பை மட்டும் வெட்டி ஒட்டினால், எடுத்த இடம் மஞ்சளாகக் கண்ணில் குத்தும். சோபாவுக்குப் போடும் ஸ்பஞ்ச் வேண்டாம், ஆயிலைக் குடித்துவிட்டு நாறும். நம் ஊரில் ஓடுகிற மாருதி, டொயோட்டா வண்டிகளில் பாதி வேலை 10, 12, 14 சைஸிலேயே முடிந்துவிடும், அவை மேல் டிராயருக்கு. வோக்ஸ்வாகன், ஸ்கோடா வந்தால் மட்டும் தேடுகிற டார்க்ஸ் (நட்சத்திர முனை), ஸ்ப்லைன் (பல் முனை) பிட் எல்லாம் கீழே போகட்டும். 10 சாக்கெட்டுக்கு மட்டும் இரண்டு குழி வெட்டுங்கள். அடிக்கடி தொலைவது அதுதானே.

இனி கடையில் பார்க்க வேண்டியவை. போகும்போது தகட்டின் கனத்தை அளக்க வெர்னியரைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். "ஹெவி கேஜ் சார்" என்று சொல்வார்கள். 22 கேஜ் தகடு 0.7 மி.மீ., 20 கேஜ் 0.9, 18 கேஜ் 1.2. பவுடர் கோட்டிங் இரண்டு பக்கமும் சேர்ந்து 0.1 மி.மீ.க்கு மேல் கூட்டிக் காட்டும், அதைக் கழித்துக்கொள்ளுங்கள். பாடி 20 கேஜைவிட மெல்லிசாக இருக்கக் கூடாது. சக்கரம் மாட்டும் அடித்தட்டு 18 இருந்தால் நல்லது. கடைக்காரர் முறைத்தால் முறைக்கட்டும்.

டிராயர் ஓடுவது பால் பேரிங் சானலிலா என்று பாருங்கள், ஆசாரிகள் டெலஸ்கோபிக் சானல் என்பார்களே, அதுதான். முழுதாக வெளியே வர வேண்டும். முக்கால்வாசி மட்டும் வருவதில் பின்னால் கிடக்கும் சாக்கெட்டுக்குக் கையை விட்டுத் துழாவ வேண்டும். நல்ல சானல் ஜோடிக்கு 35 முதல் 45 கிலோ வரை தாங்கும். டிராயரை முழுதாக இழுத்து, முனையில் கையை ஊன்றிப் பாருங்கள். தொங்கினால் நடையைக் கட்டுங்கள். ஒரு டிராயர் திறந்திருக்கும்போது இன்னொன்று திறக்காதபடி லாக் உள்ளதும் வருகிறது. பையன் வைத்திருப்பவர் அதையே வாங்குவது நல்லது, ஏனென்றால் கனமான டிராயர் இரண்டை ஒரே நேரத்தில் இழுத்தால் ட்ராலி முன்பக்கமாகக் காலில் சாயும்.

பலர் சக்கரத்தைக் கவனிப்பதே இல்லை. நம் ஷெட் தரை ஷோரூம் தரை கிடையாது. மூன்று இன்ச் சக்கரம் ஏர் ஹோஸைத் தாண்டாது, தரையில் கிடக்கும் நட்டுக்கே முட்டிக்கொண்டு நிற்கும். ஐந்து இன்ச் வேண்டும். பின்னால் இரண்டு நேராக ஓடுவது, முன்னால் இரண்டு பிரேக்கோடு சுற்றுவது. சாதா ரப்பர் ஆயில் பட்டுப் பட்டு ஊதிப்போகும், நைலான் கடகடவென்று அதிரும், பி.யூ. (பாலியூரித்தேன்) சக்கரம்தான் சரி. ரெடிமேட் ட்ராலியில் மற்றதெல்லாம் பிடித்துச் சக்கரம் மட்டும் மட்டமாக இருந்தால் வாங்கிவந்து மாற்றிவிடலாம். சானலை அப்படி மாற்றுவது பெரும் வேலை.

கையில் காசு குறைவென்றால் மட்டமான ட்ராலிக்குப் போகாதீர்கள். சுவரில் ஒரு பிளைவுட் பலகை அடித்து, ஆணியில் டூலை மாட்டி, சுற்றிலும் பெயிண்டால் உருவம் வரைந்துவிடுங்கள். எது இல்லை என்பது ட்ராலியைவிடப் பளிச்சென்று தெரியும். குறை என்னவென்றால் வண்டிக்கும் சுவருக்கும் நடந்துகொண்டே இருக்க வேண்டும், அப்புறம் பூட்ட முடியாது. பொதுவான புல்லர், இன்ஜின் அழுத்தம் பார்க்கும் கம்ப்ரெஷன் கேஜ் மாதிரி சாமான்களுக்குப் பெரிய ஃபேக்டரி டூல் ரூமில் செய்வதுபோல் ஆளுக்கொரு நம்பர் வில்லை கொடுத்து, எடுத்தவர் அந்த ஆணியில் வில்லையை மாட்டச் சொல்லலாம். உங்களுக்கும் பையனுக்கும் இப்போதைக்கு அது தேவைப்படாது, ஆள் கூடினால் யோசியுங்கள்.

பழைய பெட்டிகளை விற்காதீர்கள். ஒன்று வழியில் நின்றுபோன வண்டியைப் பார்க்கப் போகும்போது எடுத்துக்கொள்ள, அதில் தனி செட் நிரந்தரமாக இருக்கட்டும். ட்ராலியிலிருந்து எடுத்துப் போட்டுக்கொண்டு ஓடினால் நாம் செய்த மஞ்சள் கறுப்பு வேலைக்கு அர்த்தமே இல்லை.

ட்ராலியைப் பேட்டரி சார்ஜ் போடும் இடத்துக்குப் பக்கத்தில் நிறுத்தாதீர்கள். அந்த ஆசிட் ஆவியில் குரோம் பூச்சே புள்ளி புள்ளியாகத் துரு ஏறும். பிரேக் ஆயில் கேனை மேலே வைக்காதீர்கள், சிந்தினால் பெயிண்ட் உரியும். போல்ட்டை அளவோடு முறுக்கும் டார்க் ரெஞ்சை அதன் டப்பாவிலேயே, ஸ்கேலில் உள்ள கடைசிக் குறைந்த அளவுக்குத் தளர்த்தி வையுங்கள். அதற்கும் கீழே திருகக் கூடாது.

எலக்ட்ரிக் கார் வேலையும் எடுப்பதாக இருந்தால் 1000 வோல்ட் முத்திரை போட்ட இன்சுலேட்டட் டூல்ஸுக்கு ஒரு டிராயரை முழுதாக ஒதுக்கி, வேறு எதையும் அதில் போட விடாதீர்கள். சாதா ஸ்பேனரோடு உரசி அந்த உறையில் கீறல் விழுந்தால் அப்புறம் அதை நம்பிக் கையை வைக்க முடியாது. ரப்பர் கையுறையை மடிக்காமல், ஆயிலும் வெயிலும் படாமல் அதே டிராயரில் படுக்க வையுங்கள், போடும் முன்பு ஒவ்வொரு முறையும் காற்று ஊதி ஓட்டை இருக்கிறதா என்று பாருங்கள். அந்த டிராயரின் சாவி உங்களிடமே இருக்கட்டும், பையனிடம் வேண்டாம்.