மலையில் இரண்டு இரவு: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: நானும் என் மனைவியும் தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த்தில் இருக்கிறோம். ஜனவரியில் ஒரு வெள்ளி கிளம்பி ஞாயிறு திரும்புவதாக, டிரேக்கன்ஸ்பர்க் மலையிலுள்ள ராயல் நேட்டால் பூங்காவின் மஹாய் முகாமில் டென்ட் போட்டுத் தங்கி, துகேலா பள்ளத்தாக்கு நடைக்கும் போக ஆசை. மழைக்காலத்தில் போகாதே என்கிறார்கள். போகலாமா?

பதில்: தாராளமாகப் போங்கள். ஆனால் இங்கே கோடையான ஜனவரியில் டிரேக்கன்ஸ்பர்க் காலை நேரத்துக்காரர்களுக்கான மலை. வெயில் ஏற ஏற மேகம் திரண்டு, பிற்பகலில் இடியோடு கொட்டும். பள்ளத்தாக்கு நடை போய்வர சுமார் 14 கிலோமீட்டர். நின்று பார்த்து வர ஐந்தாறு மணி நேரம் ஆகும். ஜனவரியில் ஐந்து மணிக்கெல்லாம் விடிந்துவிடும். தெண்டேலே கார் நிறுத்தத்தில் 5.30க்கு நடையைத் தொடங்கினால் நண்பகலுக்குள் திரும்பிவிடலாம். எட்டு மணிக்கு எழுந்து ஒன்பதரைக்குக் கிளம்புகிறவர்கள்தான் மழையில் மாட்டுகிறார்கள். மலையேறுவோர் பதிவேட்டில் எழுதிவிட்டுப் போங்கள். இறங்கியதும் திரும்பியதைக் குறிக்க மறக்காதீர்கள், இல்லையென்றால் உங்களைத் தேடி ஆள் கிளம்பும்.

பாதையின் கடைசிப் பகுதியில் பாறை மேல் பாறையாகத் தாவி ஆற்றைக் கடக்க வேண்டும். தலைக்கு மேல் வெயில் அடித்தாலும், ஆம்ஃபிதியேட்டர் பாறைச் சுவரின் உச்சியில் பெய்த மழை திடீரென்று ஆற்றில் இறங்கும். சாப்பிட உட்காரும்போது தண்ணீர் விளிம்பில் ஒரு கல்லை வைத்துவிட்டு உட்காருங்கள். கல் முழுகினாலோ, தண்ணீர் செம்மண் நிறமானாலோ அங்கிருந்தே திரும்பிவிடுங்கள். கடைசி வளைவைப் பார்க்காமல் வந்தால் ஒன்றும் குறைந்துவிடாது.

மின்னலுக்கும் இடிக்கும் நடுவே முப்பது விநாடிக்குக் குறைவாக இருந்தால் மின்னல் பத்து கிலோமீட்டருக்குள் வந்துவிட்டது. மேட்டையும் தனி மரத்தையும் விட்டு விலகுங்கள். கார் பக்கத்தில் இருந்தால் உள்ளே ஏறிக் கதவைச் சாத்துங்கள். ஒதுங்க வழியே இல்லாதபோது, பாதங்களைச் சேர்த்து வைத்துக் குந்தி உட்காருங்கள். பயத்தில் கையைப் பிடித்துக்கொள்ளத்தான் தோன்றும், பிடிக்க வேண்டாம். இருபது அடியாவது தள்ளித் தள்ளி உட்காருங்கள். ஒருவர் மேல் மின்னல் விழுந்தாலும், மற்றவர் உதவ நலமாக இருக்க வேண்டும்.

கேள்வி: போன முறை வேறு இடத்தில் டென்டுக்குள் தண்ணீர் வந்துவிட்டது. டென்டோ புதுசு. எங்கே தவறு?

பதில்: பெரும்பாலும் தரைவிரிப்பில்தான். அடியில் போடும் தார்பாய் டென்டைவிட ஒரு சாண் வெளியே நீட்டிக்கொண்டிருந்தால், சுவரில் வழியும் மழையெல்லாம் அதில் பிடிபட்டு நேரே உங்கள் படுக்கைக்கு அடியில் போய்த் தேங்கும். ஓரத்தை டென்டுக்கு அடியிலேயே மடித்து விடுங்கள், வெளியே விளிம்பு தெரியவே கூடாது. மேல்துணி உள்துணியைத் தொடாதபடி கயிறுகளை இழுத்துக் கட்டுங்கள். தொட்ட இடத்தில் ஈரம் கசியும். முளையின் தலை டென்டை விட்டு வெளிப்பக்கம் சாய்ந்திருக்க வேண்டும். பள்ளத்தில் போடாதீர்கள். நாலு மணிக்குள் முகாமுக்குப் போய்ச் சேர்ந்தால்தான் இதையெல்லாம் நிதானமாகச் செய்ய முடியும். டர்பனிலிருந்து சுமார் மூன்றரை மணி நேரப் பயணம்.

கேள்வி: வெள்ளிக்கிழமை எங்களுக்குக் கவுச்சி கிடையாது. என்ன சமைக்கலாம்?

பதில்: சுகர் பீன்ஸ் (புள்ளி போட்ட காய்ந்த பீன்ஸ்) கறியை வியாழனே வீட்டில் முழுதாக வேகவைத்து, டப்பாவில் போட்டு உறைய வைத்துவிடுங்கள். பயணத்தில் அதுவே கூலர் பெட்டிக்கு ஐஸ் கட்டி. ராத்திரி சூடாக்கினால் போதும். ஊறிய பீன்ஸை அங்கே கொண்டுபோய் வேகவைக்கலாம் என்று நினைக்காதீர்கள். அந்த உயரத்தில் தண்ணீர் சுமார் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். பருப்பு வகை வேக நேரம் இழுக்கும், கேஸ் தீர்ந்துபோகும். சனிக்கிழமை நடைக்குப் புளிச்சோறும், ஆளுக்கு இரண்டரை லிட்டர் தண்ணீரும். மழை பெய்தாலும் கேஸ் அடுப்பை டென்டுக்குள் ஏற்றாதீர்கள்: தீ ஒருபுறம், மணமில்லாத நச்சு வாயு மறுபுறம்.

மிச்சச் சோறு, பழம், பிஸ்கட் எதுவும் டென்டில் இருக்கக் கூடாது. பபூன் குரங்கு டென்ட் துணியையே கிழிக்கும். எல்லாவற்றையும் கார் டிக்கியில் பூட்டுங்கள்.

திரும்பியதும் முழங்கால் மடிப்பு, தொடையிடுக்கு, அக்குள் என்று ஒருவருக்கொருவர் உண்ணி தேடுங்கள். இருந்தால் இடுக்கியால் தோலோடு ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள். ஒரு வாரம் பத்து நாள் கழித்துக் காய்ச்சலும் தலைவலியும், கடித்த இடத்தில் கறுப்புப் பொருக்கும் வந்தால், மலைக்குப் போனதை டாக்டரிடம் முதலில் சொல்லுங்கள். அது உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம், மாத்திரையில் குணமாகும்.