ஆல்டர் கூடினால் டெய்லரை நிறுத்துவதா?

கேள்வி: திருப்பூரில் பனியன் தைத்துக் கொடுக்கும் சிறிய பவர் டேபிள் யூனிட் நடத்துகிறேன். இரண்டு மாதமாகச் செக்கிங்கில் ஆல்டரும் (திருத்தித் தைக்க வேண்டிய பீஸ்) ரிஜெக்ட்டும் கூடிவிட்டன. புதிதாகச் சேர்ந்த டெய்லர்கள்தான் காரணம் என்கிறார் சூப்பர்வைசர். அவர்களை நிறுத்திவிடலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். அவர் சொல்வது சரியாகவும் இருக்கலாம், ஆனால் இன்னும் அது ஊகம்தான். ஊகத்தை நம்பி ஒருவர் பிழைப்பில் கை வைப்பது நியாயமில்லை, காரணம் வேறாக இருந்தால் ஆளும் போய் ஆல்டரும் அப்படியே நிற்கும்.

அந்த ஊகம் தப்பு என்றால் எதைப் பார்த்துத் தெரிந்துகொள்வோம் என்று முதலில் கேளுங்கள். புதியவர்கள்தான் காரணம் என்றால் பழையவர்கள் தைத்த பண்டில்களில் (தைக்கக் கொடுக்கும் துணிக் கட்டுகள்) ஆல்டர் முன்பிருந்த அளவே இருக்க வேண்டும். அங்கேயும் கூடியிருந்தால் புதியவர்கள் மேல் மட்டும் பழி போட முடியாது. இதைப் பார்க்க ஒவ்வொரு பண்டிலுக்கும் தைத்தவர், மெஷின், துணி லாட், என்ன குறை என்று எழுதச் சொல்லுங்கள். வெறுமனே 'ஆல்டர்' என்று எழுதினால் பிரயோஜனமில்லை. ஊசி ஓட்டையா, தையல் விட்டதா, அளவு மாறியதா, எண்ணெய்க் கறையா என்று தனித்தனியாக வேண்டும், ஏனென்றால் பனியன் துணிக்குப் போடுகிற உருண்டை முனை ஊசி நூலை விலக்கிக்கொண்டு இறங்கும், முனை சேதமானால் நூலையே அறுத்துவிடும், அதற்கு டெய்லரின் கைப்பழக்கத்தைக் குறை சொல்லிப் பயனில்லை. அளவு மாறியிருந்தால் கட்டிங்கையும் பாருங்கள். செக்கிங்கில் ஆள் மாறியிருந்தால் முன்பு கண்ணில் படாமல் போனதை இப்போதிருப்பவர் பிடிக்கிறார், அவ்வளவுதான் என்றும் இருக்கலாம்.

சரி, எழுதிப் பார்த்தும் புதியவர்கள் பக்கமே கைகாட்டுகிறது என்றால்? அப்போதும் அவசரப்படாதீர்கள். புதிதாக வந்தவருக்குப் பழைய மெஷினைத் தள்ளிவிடுவது பல இடங்களில் நடக்கிறது. ஒரே வேலை பார்க்கும் பழையவர் ஒருவரையும் புதியவர் ஒருவரையும் மெஷின் மாற்றி உட்கார வையுங்கள், ஒரே லாட் துணியைச் சீட்டுக் குலுக்கிப் பிரித்துக் கொடுங்கள். குறை ஆளோடு போகிறதா, மெஷினோடு நிற்கிறதா என்று தெரியும். ஒரு ஜோடியை வைத்து முடிவெடுக்காமல் நாலைந்து ஜோடிகளிடம் பாருங்கள். யார் தைத்தது என்று செக்கிங் ஆளுக்குத் தெரியக் கூடாது, இது ரொம்ப முக்கியம்.

பெரிய அளவில் இப்படிச் செய்தும் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகப் பொருளாதார ஆய்வாளர் நிக்கோலஸ் புளூமும் கூட்டாளிகளும் மும்பைப் பக்கம் 17 ஜவுளி நிறுவனங்களின் நெசவு ஆலைகளை எடுத்துக்கொண்டு, குலுக்கல் முறையில் சில ஆலைகளுக்கு மட்டும் மாதக்கணக்கில் நிர்வாக ஆலோசனை கொடுத்து மற்றவற்றோடு ஒப்பிட்டார்கள். குறைகளை வகைவாரியாகத் தினமும் பதிவுசெய்வதும் அந்த ஆலோசனையில் உண்டு. முதல் வருடத்திலேயே உற்பத்தித்திறன் 17 சதவீதம் கூடியது என்று 2013-ல் வெளியிட்டார்கள். ஒப்பிட வேறு ஆலைகள் இல்லாமல் இருந்திருந்தால், மார்க்கெட் நன்றாக இருந்தது, அதனால் கூடியது என்று யாராவது சொல்லியிருப்பார்கள், மறுக்கவும் முடிந்திருக்காது.

அப்புறம், சோதனை நடக்கும்போது யாரையும் திட்டாதீர்கள், பீஸ் ரேட்டையும் மாற்றாதீர்கள். ரொம்ப மோசமான ஒரு வாரத்துக்கு அடுத்த வாரம் யாரும் எதுவும் செய்யாவிட்டாலும் பெரும்பாலும் கொஞ்சம் சரியாகும், திட்டியதால் சரியானது என்று சூப்பர்வைசர் நினைத்துக்கொள்வார். கடைசியில் புதியவர்களிடம்தான் குறை என்று உறுதியானாலும் எந்தத் தையலில் என்பது உங்கள் நோட்டிலேயே இருக்கும், அந்த ஒரு தையலை நன்றாகத் தைப்பவர் பக்கத்தில் அவர்களைச் சில நாள் உட்கார வைத்துப் பாருங்கள்.