சன்ரூஃப் ஓரத்தில் தண்ணீர் ஒழுகுவது ஏன், எப்படிச் சரிசெய்வது?

காரின் கூரையில் திறந்து மூடும் சன்ரூஃப் கண்ணாடியைச் சுற்றியுள்ள ரப்பர் பட்டையைத் தாண்டிக் கொஞ்சம் தண்ணீர் உள்ளே இறங்கத்தான் செய்யும். அதைப் பிடிக்கவே கண்ணாடிக்கு அடியில் ஒரு பள்ளமும், அதன் மூலைகளில் வடிகால் துளைகளும் உண்டு. துளைகளிலிருந்து மெல்லிய குழாய்கள் கூரையைத் தாங்கும் தூண்களுக்குள் இறங்கி, தண்ணீரைக் காருக்கு வெளியே விட்டுவிடும். மொட்டை மாடிக் குழாயின் வாயைச் சருகு அடைத்தால் தண்ணீர் தேங்குமே, அதே கதைதான் இங்கும்: தூசியும் இலைத்துணுக்கும் துளையை அடைக்க, பள்ளம் நிரம்பி உள்ளே வழிகிறது.

சன்ரூஃபைத் திறந்து, ஒரு மூலையில் அரை டம்ளர் தண்ணீரை மெதுவாக ஊற்றுங்கள். கீழே சொட்டாமல் தேங்கினால் அடைப்பு. மெல்லிய நைலான் நரம்பை நிதானமாக உள்ளே விட்டு எடுத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். கம்பி வேண்டாம், குழாயைக் கிழித்துவிடும். பலமாகக் காற்றடித்தாலும் இணைப்பு கழன்றுபோகலாம். தண்ணீர் வேகமாக வடிந்தும் கால்மிதி நனைகிறதா? அப்படியானால் குழாய் உள்ளே கழன்றிருக்கலாம் அல்லது விரிசல் விட்டிருக்கலாம். உட்கூரையை இறக்க வேண்டிய வேலை அது, மெக்கானிக்கிடம் விடுவதே நல்லது.

கண்ணாடி ஓரத்தில் சிலிக்கான் பூசினால் ஒழுகல் நின்றுவிடும் என்று பலர் நம்புகிறார்கள். அடைப்பு அப்படியே இருக்கும், சன்ரூஃபைத் திறக்கவும் முடியாமல் போகும்.