பன்றி, நாய், கரடி: சோவியத் கால அங்கத நாவல்கள் பற்றிக் கேள்வி பதில்

கேள்வி: ஆர்வெல்லின் 'விலங்குப் பண்ணை'யில் எந்த மிருகம் எந்தத் தலைவர்? ஒரு பட்டியல் கொடுத்தால் உதவியாக இருக்கும்.

பதில்: நெப்போலியன் என்ற பன்றி, ஸ்டாலின். ஸ்னோபால் என்ற பன்றி, ஸ்டாலின் நாட்டை விட்டு விரட்டிய டிராட்ஸ்கி. கிழட்டுப் பன்றி மேஜரில் மார்க்ஸும் லெனினும் கலந்திருக்கிறார்கள். போதும். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பட்டியலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படிக்காதீர்கள். பட்டியலுக்குள் வராத இடங்களில்தான் நாவலுக்கு உயிர் இருக்கிறது. பண்ணை முதலாளி ஜோன்ஸை மிருகங்கள் விரட்டிய மறுநாள் காலையில் ஐந்து வாளி பால் கறக்கிறார்கள். வைக்கோல் வேலை முடிந்து மாலையில் வந்து பார்த்தால் பாலைக் காணோம். அப்புறம் ஆப்பிள்களும் பன்றிகளுக்கே என்று ஆகிறது. மூளை உழைப்புக்கு அது அவசியம் என்று பிரச்சாரப் பன்றி ஸ்குவீலர் விளக்குகிறான். ஜோன்ஸ் திரும்பி வந்தால் உங்களுக்குப் பரவாயில்லையா என்று ஒரு அதட்டல் வேறு. யாரும் வாய் திறப்பதில்லை. கதையின் திருப்பம் இந்த இடம்தான் என்று ஆர்வெல்லே ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறார். வேட்டை நாய்கள் குரைத்துக்கொண்டு பாய்வதெல்லாம் அதற்குப் பின்னால்.

கேள்வி: ஸ்டாலின் மேல் இருந்த வெறுப்பில் எழுதிய புத்தகம்தானே?

பதில்: வெறுப்பு இருந்தது. ஆனால் மிருகங்கள் கட்டிய காற்றாலையை மனிதர்கள் வெடிவைத்துத் தகர்க்கும் காட்சியைப் பாருங்கள். நெப்போலியன் உட்பட எல்லா மிருகங்களும் குப்புற விழுந்தன என்றுதான் முதலில் எழுதியிருந்தார். அச்சுக்குப் போகும் நேரத்தில் 'நெப்போலியனைத் தவிர' என்று மாற்றச் சொன்னார். ஜெர்மன் படை நெருங்கியபோது ஸ்டாலின் மாஸ்கோவை விட்டுப் போகவில்லை, அதைச் சொல்லாமல் விடுவது நியாயமில்லை என்பது அவர் வாதம். வசை பாடுகிறவன் இந்தக் கணக்கெல்லாம் பார்க்க மாட்டான்.

கேள்வி: ஆர்வெல்லின் '1984' நாவலே ரஷ்ய எழுத்தாளர் ஸம்யாதினின் 'நாங்கள்' நாவலிலிருந்து சுட்டதுதான் என்கிறார்களே?

பதில்: கடன் உண்டு, திருட்டு இல்லை. 1946இல் 'நாங்கள்' பற்றி மதிப்புரை எழுதியவரே ஆர்வெல்தான். திருடியவர் இப்படி ஊரறியச் சொல்லுவாரா? ஸம்யாதின் 1920-21இல் எழுதிய நாவல் அது. 1924இல் நியூயார்க்கில் ஆங்கிலத்தில் வந்தது. சோவியத் மண்ணில் அச்சேற 1988 வரை ஆயிற்று. ஸம்யாதின் கப்பல் பொறியாளர், முதல் உலகப் போரின்போது இங்கிலாந்தில் பனி உடைக்கும் கப்பல்கள் கட்டுவதை மேற்பார்வை பார்த்தவர். அவர் கற்பனை செய்த அரசு தொழிற்சாலை நேர அட்டவணையையே வேதமாகக் கும்பிடும். வீடுகளெல்லாம் கண்ணாடி. திரையை இறக்கிக்கொள்ள வேண்டுமானால் இளஞ்சிவப்புச் சீட்டு வாங்க வேண்டும், அதுவும் உடலுறவுக்கென்று ஒதுக்கிய நேரத்துக்கு மட்டும்.

கேள்வி: இன்றைய அரசியலில் நெப்போலியன் யார், ஸ்குவீலர் யார்?

பதில்: மேலே சொன்னதைப் படியுங்கள்.

கேள்வி: ரஷ்ய எழுத்தாளர் புல்ககோவின் 'நாயின் இதயம்' உழைக்கும் வர்க்கத்தை நாய் என்று இழிவுபடுத்துகிறது. இதை எப்படி ரசிக்கிறீர்கள்?

பதில்: மறுபடியும் பட்டியல்! மனிதனாக மாறிய நாய் ஷாரிகோவ் என்றால் தொழிலாளி என்று ஒரு கோடு இழுத்துவிட்டால் கதை அங்கேயே நின்றுவிடும். தெருநாய் ஷாரிக்குக்கு மனிதப் பிட்யூட்டரி சுரப்பியைப் பொருத்துகிறார் பேராசிரியர். நாய் மனிதனாகிறது. உடனே அது கேட்பது என்ன? அடையாளக் காகிதம். நாட்காட்டியைப் பார்த்து 'பொலிகிராஃப் பொலிகிராஃபோவிச்' என்று பெயர் வைத்துக்கொள்கிறது. குடியிருப்பு அறைகளைப் பங்கிடும் வீட்டுக் கமிட்டியின் தலைவன் ஷ்வோந்தர் காகிதம் வாங்கித் தர, தெருப்பூனைகளை ஒழிக்கும் உட்பிரிவுக்குத் தலைமைப் பதவி கிடைக்கிறது. அடுத்த வேலை, தன்னை உருவாக்கியவர் மீதே புகார் எழுதுவது. சரி, பேராசிரியராவது யோக்கியமா? ஏழு அறைகளில் ஒன்றைக்கூட விட்டுத்தர மாட்டார். தன்னிடம் சிகிச்சை பெறும் பெரிய அதிகாரிக்கு ஒரு போன் போட்டுக் கமிட்டியின் வாயை அடைக்கிறார். அடி இரண்டு பக்கமும் விழுகிறது. 1926இல் உளவுப் போலீஸ் வீட்டைச் சோதனையிட்டுக் கையெழுத்துப் பிரதியை எடுத்துக்கொண்டு போனது. சோவியத் வாசகர் கைக்கு வந்தது 1987இல்.

கேள்வி: கரடி வரும் நாவல் ஒன்று உண்டாமே?

பதில்: ரஷ்ய எழுத்தாளர் பிளாத்தோனவின் 'அஸ்திவாரக் குழி', 1930. கொல்லன் பட்டறையில் வேலை பார்க்கும் கரடி, வீடு வீடாகப் போய் எவன் பணக்கார விவசாயி என்று அடையாளம் காட்டுகிறது. படிக்கக் கடினம், அவசரப்படாமல் படியுங்கள்.

கேள்வி: ஹிட்லரைக் கிண்டல் செய்த படங்கள் பற்றி?

பதில்: சினிமா தெரிந்தவரைக் கேளுங்கள்.

கேள்வி: தோழர், நேராகவே கேட்கிறேன். 'விலங்குப் பண்ணை' அமெரிக்க உளவு அமைப்பான சிஐஏவின் பணத்தில் பரவிய சரக்குதானே? அதை இலக்கியம் என்று தூக்கிப் பிடிக்க வேண்டுமா?

பதில்: தோழர், 1954இல் வந்த கார்ட்டூன் படத்துக்குப் பின்னால் சிஐஏ பணம் இருந்தது உண்மை. அதில் என்ன செய்தார்கள் தெரியுமா? முடிவை மாற்றினார்கள். நாவல் முடியும்போது பன்றி எது, மனிதன் எவன் என்று மிருகங்களால் பிரித்துப் பார்க்க முடிவதில்லை. படத்தில் மிருகங்கள் திரண்டு வந்து பன்றிகளைக் கவிழ்க்கின்றன. மனிதனும் பன்றியும் ஒன்று என்பது அமெரிக்காவுக்குக் கசந்தது. இன்னொன்று: 1947இல் அகதி முகாம்களில் இருந்த உக்ரேனியர்களுக்காக ஒரு மொழிபெயர்ப்பு அச்சாயிற்று. மியூனிக்கில் அதன் 1,500 பிரதிகளைப் பறிமுதல் செய்து சோவியத் அதிகாரிகளிடம் கொடுத்தது அமெரிக்கர்களேதான். சோவியத்தோடு பகை முற்றும் முன் பறிமுதல், முற்றியதும் படம்.

கேள்வி: அதே தோழர்தான். எழுதியவர் சோஷலிசத்தின் எதிரி என்பதை மழுப்புகிறீர்கள்.

பதில்: ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் பாசிஸ்டுகளுக்கு எதிராகத் துப்பாக்கி தூக்கி, தொண்டையில் குண்டு வாங்கியவர். 1936க்குப் பிறகு எழுதிய உருப்படியான ஒவ்வொரு வரியும் சர்வாதிகாரத்துக்கு எதிராகவும் தான் புரிந்துகொண்ட ஜனநாயக சோஷலிசத்துக்கு ஆதரவாகவும் எழுதியது என்று 1946இல் அவரே சொல்லியிருக்கிறார். அந்த சோஷலிசம் உங்களுக்குப் பிடிக்காமல் போகலாம். அது வேறு சண்டை, வைத்துக்கொள்வோம்.

கேள்வி: நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். தோழர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறதே? பள்ளியில் இதைப் புரட்சி வேண்டாம் என்றுதான் சொல்லிக்கொடுத்தார்கள்.

பதில்: அது வாத்தியாரின் குற்றம், ஆர்வெல்லை ஏன் இழுக்கிறீர்கள்? ஜோன்ஸின் பண்ணை நன்றாக இருந்தது என்று நாவலில் ஒரு வரி காட்டுங்கள் பார்ப்போம்.

கேள்வி: சர்வாதிகார நாட்டுக்குள் இருந்துகொண்டே இப்படி எழுதி அச்சிட்டவர் உண்டா?

பதில்: அல்பேனியாவின் இஸ்மாயில் கதாரே. 'கனவுகளின் மாளிகை', 1981; வந்த வேகத்தில் தடை. ஒட்டோமான் பேரரசில் நடக்கிற மாதிரி எழுதியிருப்பார். குடிமக்களின் கனவுகளையெல்லாம் சேகரித்து, தரம் பிரித்து, பலன் சொல்ல ஒரு அரசு அலுவலகம். காய்கறிக் கடைக்காரர் ஒருவரின் கனவு வருகிறது: பாலம், குப்பைமேடு, தானாக ஒலிக்கும் பழைய வாத்தியம், மதம் பிடித்த காளை. அங்கே குமாஸ்தாவாக இருக்கும் மார்க்-அலெம் ஒன்றுமில்லை என்று அதைத் தள்ளப் பார்க்கிறான். கடைசியில் அதே கோப்பு அவன் குடும்பத்தின் மீதே பாய்கிறது. இதில் யார் எந்தத் தலைவர் என்று கேட்டுவிடாதீர்கள்.

கேள்வி: 'விலங்குப் பண்ணை'யை எட்டு வயதுப் பிள்ளைக்கு வாசித்துக் காட்டலாமா?

பதில்: தாராளமாக. பாக்ஸர் குதிரையை வண்டியில் ஏற்றிக்கொண்டு போகும் இடத்தில் அழும். வண்டியின் மேல் என்ன எழுதியிருந்தது என்று கேட்டால் உள்ளதைச் சொல்லிவிடுங்கள், குதிரை அறுக்கிறவன் பெயர் என்று.